மூடிகளை உருக்கிப் பலகை செய்தேன். வளைந்தும் உரிந்தும் போனது. சிறு தொழிலாக எதில் தொடங்குவது?

இழைப்புளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மரவேலை செய்பவன். தூக்கி எறியப்படும் பிளாஸ்டிக்கைப் பலகையாக வார்த்து, அதிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் சிறு பொருள்களைச் செய்து விற்கலாமா என்று ஓராண்டுக்கும் மேலாக யோசித்து வருகிறேன். காணொளிகளில் பார்க்கும்போது வேலை மிக எளிதாகத் தெரிகிறது. மூடிகளைச் சேர்க்கிறார்கள், அரைக்கிறார்கள், இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து உருக்கி அழுத்துகிறார்கள், பளிங்கைப் போல வண்ண வரிகள் ஓடும் பலகை வெளியே வருகிறது. நானும் செய்து பார்த்தேன். எனக்கு வந்தது பளிங்கு அல்ல.

இனிச் சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய மின்னடுப்பு ஒன்று பட்டறையில் இருந்தது. கழுவிக் காயவைத்த பாட்டில் மூடிகளை நறுக்கி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே பரப்பி, அடுப்பின் திருகை 200 பாகை செல்சியஸில் நிறுத்தி முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். பிறகு வெளியே எடுத்து, நான்கு கிளாம்ப்புகளால் இறுக்கினேன். பொறுமையில்லாமல், சீக்கிரம் ஆறட்டும் என்று மேல் தகட்டின்மீது தண்ணீரையும் ஊற்றினேன். தகடுகளைப் பிரித்தபோது பலகை தட்டையாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் நான்கு மூலைகளும் மேலே எழும்பித் தாம்பாளம் போல ஆகியிருந்தது. சரி, சிறு துண்டுகளாகவாவது அறுத்துக்கொள்ளலாம் என்று ரம்பத்தை வைத்தேன். அறுத்த விளிம்பில் நகத்தை நுழைத்தால், தண்ணீரில் ஊறிய ஒட்டுப்பலகையைப் போல அடுக்கடுக்காக உரிந்து வருகிறது.

ஏன் வளைந்தது, ஏன் உரிந்தது என்பது என் முதல் கேள்வி. எந்தப் பொருளில் தொடங்கலாம் என்பது இரண்டாவது. சுவர் அலமாரிப் பலகை, முக்காலியின் மேற்பலகை, காய்கறி நறுக்கும் பலகை ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்தவரையில் நறுக்கும் பலகைக்குத்தான் அதிகம் பேர் ஆர்வம் காட்டினார்கள். இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சல்லடை எழுதியது:

வணக்கம் ஐயா. கழிவைத் தரம் பிரிக்கும் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில், உங்கள் பலகை உரிந்ததற்கான காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன். வளைந்த கதையை அழுத்தி வைத்து வேலை செய்பவர்கள் சொல்லட்டும்.

பாட்டில் மூடி என்பது ஒரே பிளாஸ்டிக் அல்ல. தண்ணீர் பாட்டில், பால் பாட்டில் ஆகியவற்றின் மூடிகள் பெரும்பாலும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், அதாவது எச்.டி.பி.இ. கீலோடு திறந்து மூடும் மூடிகளும், சூடாக நிரப்பப்படும் பானங்களின் மூடிகள் பலவும் பாலிப்புரொப்பிலீன், சுருக்கமாக பி.பி. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உருக்கினால் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றோடொன்று கலக்க மறுக்கும். போதாக்குறைக்கு எச்.டி.பி.இ. ஏறத்தாழ 130 பாகையிலும் பி.பி. 160 பாகைக்கு மேலும் உருகுகின்றன. நீங்கள் அழுத்தியபோது இரண்டும் தனித்தனித் தாள்களாகப் பரவி, ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இறுகியிருக்கின்றன. ஒட்டுப்பலகை என்று நீங்கள் சொன்னது உவமையாக மட்டும் இல்லை. பசையில்லாத ஒட்டுப்பலகையைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

பிரிப்பதற்கு முதலில் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். 2 என்ற எண் இருந்தால் எச்.டி.பி.இ., 5 இருந்தால் பி.பி. முக்கோணத்துக்குள் இருக்கும் இந்த எண் முறையை 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. அது பொருளின் வகையைச் சொல்லும் குறியே தவிர, மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அல்ல. அம்புக்குறிகளைப் பார்த்து மக்கள் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே 2013இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாகத் தரத்தை மாற்றினார்கள். ஆனால் பழைய அச்சுகள் இன்னும் ஓடுகின்றன, அம்புகளும் இன்னும் வருகின்றன.

எண் இல்லாத மூடிகள் நிறைய வரும். அவற்றுக்குத் தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது, ஏனென்றால் எச்.டி.பி.இ., பி.பி. இரண்டுமே தண்ணீரில் மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், தண்ணீரும் எத்தனாலும் (எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால்) சரிபாதியாகக் கலந்த நீர்மத்தின் அடர்த்தி ஏறத்தாழ 0.93. பி.பி.யின் அடர்த்தி 0.90 அளவில் இருப்பதால் அது மேலே நிற்கும், எச்.டி.பி.இ. 0.94க்கு மேல் என்பதால் அடியில் போய் உட்காரும். ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூடியிலிருந்து நகக்கண் அளவுக்குச் சிறு சில்லை வெட்டிப் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி போகும்படி குச்சியால் ஒருமுறை அமுக்கிவிட்டுப் பாருங்கள். குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதந்து உங்களை ஏமாற்றும். சுண்ணாம்புத் தூளோ டால்க்கோ சேர்த்த பி.பி.யும் மூழ்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தச் சோதனையை அடுப்புக்கும் நெருப்புக்கும் பக்கத்தில் செய்யவே கூடாது.

கைப்பழக்கம் வந்த பிறகு குவளை தேவைப்படாது. எச்.டி.பி.இ. மெழுகு தடவியது போல வழுவழுப்பாக இருக்கும், நகத்தால் கீறினால் தடம் விழும், பி.பி. அதைவிடக் கடினம், சட்டென்று தடம் கொடுக்காது. எங்கள் கூடத்தில் பேச்சை நிறுத்தாமலே, நகத்தை ஓட்டிக்கொண்டே பிரித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சில மூடிகளின் உள்ளே மெல்லிய வட்ட அடைப்பு இருக்கும். அது வேறு பொருள், குத்தூசியால் நெம்பி எடுத்துவிடுங்கள்.

பி.வி.சி. பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. எண் 3 என்று கண்டாலும், குழாய்த் துண்டு என்று சந்தேகம் வந்தாலும் கூடைக்கு வெளியே போட்டுவிடுங்கள். சூடு மிகுந்தால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அந்த வாயு உங்கள் நுரையீரலையும் அரிக்கும், இரும்புத் தகட்டையும் அரிக்கும். எந்த பிளாஸ்டிக் என்று அறியக் கொளுத்தி முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எங்களில் மூத்தவர்கள் செய்தார்கள், அவர்களில் சிலர் இன்றைக்கு இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

இரும்புத்தட்டு எழுதியது:

சல்லடை ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தொடக்கத்தில் நானும் எல்லா மூடிகளையும் ஒரே சாக்கில் போட்டவன்தான். பலகை அழுத்துவதே இப்போது என் தொழில் என்பதால் வளைவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எச்.டி.பி.இ. ஆறும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் பெரும்பகுதி ஒழுங்காக மடிந்து அடுக்கிக்கொள்கிறது. அதனால் பொருள் கணிசமாகச் சுருங்கும். நீளவாட்டில் 1.5 முதல் 3 விழுக்காடு வரை என்பது பொதுவான கணக்கு, 300 மி.மீ. அச்சில் ஊற்றினால் 5 முதல் 9 மி.மீ. வரை குறையும். இந்தச் சுருக்கம் பலகையின் இரு முகங்களிலும் ஒரே வேகத்தில் நடந்தால் பலகை சிறிதாகுமே ஒழிய வளையாது. நீங்கள் மேல் தகட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றினீர்கள். மேல்முகம் முதலில் இறுகிவிட்டது, உள்ளும் அடியும் பிறகு மெல்ல ஆறி, வேறு அளவில் சுருங்கி, இழுத்தன. அந்த இழுவிசையெல்லாம் உள்ளேயே தங்கியிருந்து, கிளாம்ப்புகளை எடுத்த பிறகு இரவு முழுவதும் வேலை செய்திருக்கிறது. பச்சை மரத்தை அறுத்து வெயிலில் ஒரு பக்கம் மட்டும் காயப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அழுத்தத்தைத் தளர்த்தாமல், இரு பக்கமும் காற்று படும்படி நிறுத்தி வைத்து, தகடு வெறுங்கையால் தொட்டுக்கொண்டே இருக்கும்படி ஆறும்வரை காத்திருங்கள். தடிமனைப் பொறுத்து அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். பொருள் சுருங்கச் சுருங்கக் கிளாம்ப்பு தானாகவே தளரும் என்பதால், ஆறும் நேரத்தில் இரண்டு மூன்று முறை திருகி இறுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடுவில் பள்ளம் விழுவதற்குக் காரணமும் இதுவே.

அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். தகடு 200 பாகையில் இருக்கும்போது நடுவில் இருக்கும் சில்லு உருகாமலே இருக்கலாம். என் முதல் தடித்த பலகையைக் குறுக்கே அறுத்தபோது, நடுவில் ஒரு மூடியின் விளிம்புப் பற்கள் சிறிதும் சிதையாமல், புதைபொருளைப் போல அப்படியே இருந்தன. அதை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஊசி போன்ற வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகி, நடுப்பகுதி 170, 180 பாகையைத் தொட்டதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். சில்லில் ஈரம் இருந்தால் குமிழி வரும்; முந்தின நாளே கழுவி விரித்துக் காயவையுங்கள். தகட்டோடு ஒட்டாமல் இருக்கச் சிலிக்கோன் பூசிய தாள் போதும்.

அலமாரிப் பலகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். எச்.டி.பி.இ.யின் விறைப்பு, நார்வாக்கில் உள்ள மரத்தின் விறைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதோடு, சுமை தொடர்ந்து இருந்தால் அது நாள்பட நாள்பட மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். புத்தகங்களை அடுக்கிய முதல் நாள் நேராக இருப்பது, சில மாதங்களில் தொட்டிலாகிவிடும். முக்காலிக்கு ஆகும், ஆனால் கால்களை நெருக்கமாக வைத்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும்.

உங்களைப் போன்ற தச்சருக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பாலிஎத்திலீன்மீது சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. எங்களைப் போல இயந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். நீங்களோ பசையில்லாமல் கழுந்தும் துளையுமாக இணைக்கத் தெரிந்தவர். திருகாணி போடுவதானால் துளையை வட்டமாக அன்றி நீள்துளையாகப் போடுங்கள்; 1 மீட்டர் நீளப் பலகை, வெப்பநிலை 20 பாகை ஏறினால் 2 முதல் 4 மி.மீ. வரை நீளும், இடம் இல்லாவிட்டால் நடுவில் புடைக்கும். ரம்பத்துக்குப் பல் குறைவாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் அறுத்த இடமே உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பட்டறையில் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். துணி முகமூடி தூளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். எண் 6, அதாவது பாலிஸ்டைரீன், சூடானால் ஸ்டைரீன் ஆவியைக் கொடுக்கும். அழகான பலகை வரும் என்று சிலர் அதைத் தேடிப் போகிறார்கள், நான் தொடுவதில்லை. பெட் பாட்டில்களையும், அதாவது எண் 1 போட்ட தண்ணீர், குளிர்பான பாட்டில்களையும், விட்டுவிடுங்கள். அவை உருக 250 பாகைக்கு மேல் வேண்டும், ஈரத்தைத் துளியும் விடாமல் உலர்த்தவில்லையென்றால் சங்கிலிகள் அறுந்து நொறுங்கும் பொருளாகிவிடும். அவற்றுக்குப் பெரிய ஆலைகளே சரி.

இயந்திரங்களின் வரைபடங்களுக்குப் பிரெஷியஸ் பிளாஸ்டிக் திட்டத்தைத் தேடுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹக்கென்ஸ் 2013இல் தம் கல்லூரிப் படிப்பின் இறுதிப் பணியாகத் தொடங்கியது அது. அரவை இயந்திரம், உருகியதை நீளமாக வெளித்தள்ளும் பிதுக்கி, உருகியதை அச்சுக்குள் செலுத்தும் ஊசி அச்சு, அழுத்தி ஆகியவற்றின் வரைபடங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அரவை இயந்திரத்தின் கத்திகள் ஒரு மயிரிழை விலகினாலும் சில்லு வராது, நார்தான் வரும்.

ஊடுநூல் எழுதியது:

இருவரும் நெருப்பைப் பற்றியே பேசியிருப்பதால், நெருப்பே இல்லாத வழியை நான் சொல்கிறேன். நான் பிளாஸ்டிக் பைகளை நாடாவாக வெட்டி, தறியில் நெய்து, கைப்பை, மடிக்கணினி உறை, மேசை விரிப்பு ஆகியவற்றைச் செய்கிறேன். நீளவாட்டில் ஓடும் பாவுக்குப் பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்குப் பை நாடா. கத்தரிக்கோலும் தறியும் கழுவும் தொட்டியும் தவிர முதலீடு இல்லை, மின்சாரமும் தேவையில்லை.

ஆனால் வேலை மெதுவானது. பையைக் கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் கடினம், ஏனென்றால் ஈரமான இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே காற்று புகாது. உட்புறத்தை வெளியே திருப்பிக் கொடியில் கவ்வி மாட்டி, பாதி காய்ந்ததும் மீண்டும் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் நெய்துவிட்டால் சில வாரங்களில் பையிலிருந்து பூஞ்சை வாடை வரும். பிறகு எந்த வாசனைப் பொருளாலும் அது போகாது. ஒரு கைப்பைக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் தறிக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. விலை வைக்கும்போது நெய்த நேரத்தை மட்டும் கணக்கிட்டு, கழுவிய நேரத்தை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஓராண்டை வீணடித்த பிறகுதான் கண் திறந்தது.

ஒரு முறை நன்றாக அடிபட்டேன். நான் நெய்து கொடுத்த பை ஒன்று எட்டு மாதங்களில் திரும்பி வந்தது. உதறினால் வெள்ளைச் செதில்களாகக் கொட்டியது. பருத்திப் பாவு மட்டும் எலும்புக்கூடு போல மிச்சம் இருந்தது. அந்த வெள்ளைப் பைகள், காற்றிலும் வெயிலிலும் தானாகச் சிதைவதற்கென்று வேதிப்பொருள் சேர்க்கப்பட்டவை. ‘ஆக்ஸோ’ வகை என்பார்கள். அவை மட்கிப் போவதில்லை, நுண்துகளாக நொறுங்கத்தான் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் இவ்வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்ததே அதனால்தான். வாங்கியவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு பை நெய்து கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு வகைப் பையிலும் ஒரு நாடாவை வெட்டி, தேதி எழுதி, வெயில் படும் சாளரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே தாங்காததைத் தறியில் ஏற்றுவதில்லை.

இழைப்புளி அவர்களே, நீங்களும் உங்கள் பலகையில் ஒரு துண்டை வெயிலில் கட்டி வையுங்கள். குறிப்பாகப் பி.பி., பாதுகாப்புச் சேர்மம் இல்லாவிட்டால் வெளி வெயிலைத் தாங்காது.

எடைக்கல் எழுதியது:

மூவரும் எப்படிச் செய்வது என்று அருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. யாரையும் புண்படுத்துவதாக எண்ண வேண்டாம்.

முதலில் அந்த நறுக்கும் பலகையை விட்டுவிடுங்கள், எத்தனை பேர் கேட்டாலும் சரி. மூடி எந்த பாட்டிலிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அது பால் பாட்டிலாகவும் இருக்கலாம், பூச்சிக்கொல்லி பாட்டிலாகவும் இருக்கலாம். பாலிஎத்திலீன் எண்ணெய்ப்பசையையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும் பொருள். சலவைத் திரவ பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் உருக்கும்போது அந்த மணம் எழுவதை இரும்புத்தட்டு அவர்கள் முகர்ந்திருப்பார். கத்தி படும் பலகையிலிருந்து தூள் உணவோடு போகும் என்பது வேறு. மறுசுழற்சி பிளாஸ்டிக் உணவில் படுவதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தனி விதியே வகுத்து, ஒப்புதல் பெற்ற தொழில்நுட்பத்தில் செய்ததை மட்டுமே அனுமதிக்கிறது. ஒரு பட்டறை அடுப்பு அந்த வாசலைத் தாண்ட முடியாது. கறுப்பு பிளாஸ்டிக்கில் இன்னும் கவனம் வேண்டும். பழைய மின்னணுச் சாதனங்களின் உறைகளில் தீயைத் தடுப்பதற்கென்று புரோமின் சேர்மங்கள் கலந்திருப்பது வழக்கம், அந்தக் கறுப்பு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது, கலப்பு. 2017இல் வெளிவந்து உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, 1950 முதல் 2015 வரை 830 கோடி டன் பிளாஸ்டிக் செய்யப்பட்டதாகவும், அதில் கழிவானதில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி ஆனதாகவும் கணக்கிட்டது. எல்லோரும் அந்த 9ஐத்தான் சொல்கிறார்கள். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட செய்தி வேறு: அந்த 9லும் ஒரு முறைக்கு மேல் சுழன்றது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதாவது, பெரும்பாலான மறுசுழற்சி ஒரே ஒரு பிறவி எடுத்துவிட்டு முடிந்துபோகிறது. சில்லை ரெசின் என்ற இறுகும் பிசினில் புதைத்து மேசை செய்வதும், மணலோடு உருக்கிக் கல் செய்வதும் அந்த வகை. இனி அதை யாராலும் பிரிக்க முடியாது. ஒரே பிளாஸ்டிக்கில், பசையும் வண்ணப்பூச்சும் இல்லாமல், கழற்றக்கூடிய திருகாணியோடு செய்து, அடியில் அந்த பிளாஸ்டிக்கின் வகை எண்ணையும் சூட்டுக்கோலால் பொறித்துவிட்டால், உடைந்த பிறகும் அது சரக்குதான். இல்லையென்றால் குப்பைக்கு அழகான ஓய்வு கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவே.

மூன்றாவதாக ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் பொருள், வாங்குபவர் எப்படியும் புதிய பிளாஸ்டிக்கில் வாங்கியிருக்கக்கூடிய ஒன்றா, அல்லது மூடியிலிருந்து வந்தது என்பதற்காகவே வாங்கும் ஒன்றா? சாவிக்கொத்து அலங்காரங்களைச் செய்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவர்களால் ஒரு கிலோ புதிய பிளாஸ்டிக்கூடக் குறையவில்லை.

இரும்புத்தட்டு எழுதியது:

எடைக்கல் அவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், மணல் கல் ஒன்றைத் தவிர. கென்யாவின் நைரோபியில் நிசாம்பி மாட்டி என்ற பொறியாளர் தொடங்கிய நிறுவனம் பிளாஸ்டிக்கையும் மணலையும் கலந்து தரைக்கல் செய்கிறது. 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘பூமியின் இளம் சாம்பியன்’ விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கல்லைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எந்தப் பட்டறையும் தொடாத கலப்புக் கழிவு ஒன்று எப்போதும் மிச்சமாகும், அது எரிக்கப்படுவதைவிடப் பல ஆண்டுகள் காலடியில் கிடப்பது மேல் அல்லவா? சுத்தமான எச்.டி.பி.இ. மூடியை மணலில் கொட்டினால் அது வீண் என்று நானும் சொல்வேன்.

எடைக்கல் எழுதியது:

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களே எழுதிவிட்டதால் வாதிட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. தேய்மானத் துகள் மழைநீரோடு எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இழைப்புளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சல்லடை ஐயா சொன்ன குவளைச் சோதனையைச் செய்தேன். முதல் நாள் முப்பது மூடிகள், முப்பது சில்லுகள். ஒன்பது மேலே நின்றன, மற்றவை அடிக்குப் போயின. ஒன்று மட்டும் நடுவில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அடியில் கிடந்தவற்றை மட்டும் உருக்கி, நடு வெப்பத்தைப் பார்த்து, கிளாம்ப்பை மூன்று முறை இறுக்கி, இரவெல்லாம் ஆறவிட்டேன். இந்தப் பலகை உரியவில்லை. ஒரு மூலை மட்டும் காகிதத் தாள் நுழையும் அளவுக்கு எழும்பியிருக்கிறது, இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

எடைக்கல் அவர்களின் மூன்றாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எச்.டி.பி.இ. மெழுகு போல வழுக்கும் என்று ஐயா எழுதியிருந்ததை மறுபடி படித்தபோதுதான் பொறி தட்டியது. மர இழுப்பறைகள் மழைக்காலத்தில் உப்பி இறுகிக்கொள்ளும். அதற்காக இழுப்பறையின் அடியிலும் சட்டத்திலும் வழுக்குப் பட்டை பதிப்பது எங்கள் தொழிலில் உள்ளதுதான், புதிய பிளாஸ்டிக்கில் செய்த பட்டையை இத்தனை நாளும் விலை கொடுத்து வாங்கிப் பதித்துக்கொண்டிருந்தேன். உணவு படாது, வெயில் படாது, சுமை குறைவு, பசை வேண்டாம், வளைந்தாலும் திருகாணி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலகையை 12 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து, நீள்துளை போட்டு, திருகாணியின் தலை பட்டைக்குள் அமிழும்படி துளைவாயை அகட்டி, என் பட்டறை மேசையின் நான்கு இழுப்பறைகளுக்கும் பொருத்தியிருக்கிறேன். உளிகள் நிறைந்த கனமான இழுப்பறைகூட ஒற்றை விரலுக்கு வருகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவர் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கேட்டிருக்கிறார்கள். மூடி என்று சொன்னேன். அவர்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை, எத்தனை அடி கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு சந்தேகம். பட்டை அறுக்கும்போது சுருள் சுருளாகத் தூள் நிறைய விழுகிறது. அதைக் கூட்டி அள்ளி அடுத்த பலகையில் போட்டு உருக்கலாமா?

சல்லடை எழுதியது:

உருக்கலாம் ஐயா, ஆனால் மரம் அறுக்கும் அதே மேசையில் அறுத்த தூள் என்றால் வேண்டாம். மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அடுப்பில் கருகவும் செய்யும். பலகை முழுவதும் பழுப்புப் புள்ளியும் குமிழியுமாக வரும். பிளாஸ்டிக் அறுக்க ஒரு நாளைத் தனியாக ஒதுக்கி, மேசையைத் துடைத்து, அடியில் துணி விரித்துவிட்டு அறுங்கள். துணியில் விழுந்ததைத் தண்ணீரில் கொட்டினால் உங்கள் தூள் மேலே நிற்கும், இரும்புத் துகளும் மண்ணும் அடிக்குப் போகும், மேலே உள்ளதை வழித்துக் காயவைத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும் முன் நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டுங்கள். நடுவில் தொங்கியது என்றீர்களே, அந்த மூடியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம். அது அநேகமாக அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனாக இருந்திருக்கும்.

இழைப்புளி எழுதியது:

குப்பைக்கூடையில் இன்னும் கிடக்கிறது ஐயா. எடுத்து வைக்கிறேன்.